வில்லை மாறிய ஃபெட்

பழம்பொருள் வணிகர் ஒருவரிடம் நாம் வாங்கிய ஃபெட் கேமிராவின் மேல்தகட்டில், ருசிய எழுத்துகளில், தொழிற்கம்யூன் ஒன்றின் பெயரும் கார்கிவ் என்னும் ஊர்ப்பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. மாலை வெளிச்சத்தில், துளையை முழுதும் திறந்து முதற்சுருளை எடுத்தோம். கழுவிப் பார்த்தால் 36 படங்களில் ஒன்றேனும் தெளிவாக இல்லை. கண்ணாடிக்கு வயதாகிவிட்டது என்றார் விற்றவர். உங்களுக்குத்தான் வயதாகிவிட்டது என்றனர் வீட்டார்.

இரண்டும் பிழை என்பதை அறிய எமக்குச் சில வாரங்கள் ஆயின. உள்ளே தள்ளி மடக்கும் வகை வில்லை அது. முழுதும் வெளியே இழுத்துத் திருகிப் பூட்டாவிடில் படம் மங்கும். பூட்டியே எடுத்திருந்தோம். விளக்கொளியில் பிடித்துப் பார்த்தோம், பூஞ்சை இல்லை. அடுத்து ரேஞ்ச்ஃபைண்டர். சாளரத்தில் தெரியும் இரண்டு உருவங்கள் ஒன்றாகும்போது தொலைவு சரியாகப் பொருந்தியது என்று சொல்லும் பகுதி இது. நிலவை நோக்கினோம், வளையம் முடிவிலிக் குறியில் நிற்க, இரு நிலவும் ஒன்றாயின. நாடாவால் அளந்து ஒரு மீட்டரில் வைத்த நூலுக்கும் வளையம் ஒரு மீட்டரையே காட்டியது. கண்ணுக்குச் சொன்னதெல்லாம் மெய். படச்சுருளில் விழுந்தது மட்டும் பொய். எனில் குற்றம் வில்லைக்கும் சுருளுக்கும் இடைப்பட்ட தூரத்தில்தான் இருக்க வேண்டும்.

இந்தத் தூரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் நிறுவனம் 1925-இல் வெளியிட்ட லைக்காவில் வில்லை நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது. 1930-இல் கழற்றி மாற்றும் வில்லைகள் வந்தபோது ஒவ்வொன்றும் தனக்குரிய கருவிக்கெனவே சரிசெய்யப்பட்டது. ஒன்றன் வில்லை மற்றொன்றுக்கு ஆகாது. மறு ஆண்டே அவர்கள் அத்தூரத்தை 28.8 மி.மீ. என வரையறுத்து, அவ்வாறு வரையறுத்த கருவிகளின் வில்லைவாயில் ஒரு சுழியம் பொறித்தனர். 1932-இல் ரேஞ்ச்ஃபைண்டரோடு இணைந்த இரண்டாம் லைக்கா வந்தது.

அந்த இரண்டாம் லைக்காவைப் பிரித்துப் பார்த்துப் படியெடுத்தவர்கள் கார்கிவ் நகரத்துச் சிறுவர்கள். உள்நாட்டுப் போரிலும் பஞ்சத்திலும் பெற்றோரை இழந்து தெருவில் அலைந்தோருக்காக 1927-இல் அமைந்த கம்யூன் அது. அதனை நடத்தியவர் கல்வியியலாளர் அந்தோன் மகரென்கோ. பெயர் மட்டும் சோவியத் இரகசியப் போலீசை நிறுவிய ஃபெலிக்ஸ் எத்முந்தோவிச் ஜெர்ழின்ஸ்கியுடையது. அம்மூன்று முதலெழுத்துகளே ஃபெட். (இரகசியப் போலீஸ்காரர் பெயரில் ஒரு கண்! இப்பொருத்தத்தை எவரும் திட்டமிட்டிருக்க மாட்டார்.) முதலில் மின்துளைக் கருவிகளைச் செய்து பழகியவர்கள், 1934 முதல் கேமிராக்களைத் தொடர் உற்பத்தியாகவே செய்யலாயினர்.

லைக்காவின் வடிவத்தை அவர்கள் பெற்றனர். அந்தச் சுழியத்தின் பொருளைப் பெறவில்லை. வில்லைவாய்த் தூரம் ஃபெட்டில் கருவிக்குக் கருவி சற்றே மாறியது. ஒவ்வோர் உடலுக்கும் அதற்கேற்ற வில்லையைக் கையால் பொருத்தி அனுப்பினர். இதனைக் குறையென்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. லைட்ஸும் ஓராண்டு இவ்வாறே செய்தது அன்றோ? ஆனால் அந்த இணை பிரியாதிருக்கும் வரைதான் படம் தெளியும்.

1941-இல் கார்கிவ் ஜெர்மானியர் வசமாயிற்று. போருக்குப்பின், 1948-இல், மாஸ்கோவையடுத்த க்ராஸ்னோகோர்ஸ்க் ஆலை ஃபெட்டின் வடிவிலேயே ஸோர்க்கி கேமிராவைச் செய்யத் தொடங்கியது. அதன் வில்லைகள் 28.8 என்னும் அளவை ஏற்றன. திருகுமரை ஒன்றுபோல இருந்ததால் எதனையும் எதனோடும் மாட்ட முடிந்தது. கேடு அங்கேதான் விளைந்தது. எமது கேமிராவின் வில்லையைத் திருப்பிப் பார்த்தபோது அதில் இருந்தது க்ராஸ்னோகோர்ஸ்க் ஆலையின் பட்டகச் சின்னம். உடல் போருக்கு முந்தியது, வில்லை பிந்தியது. இடையில் யாரோ ஒருவர் இரண்டையும் கூட்டி வைத்திருக்கிறார்.

இக்கேமிராவின் பின்புறம் திறவாது. சுருளை அடிவழியேதான் ஏற்ற வேண்டும். ஆகவே படமெடுத்தே சோதித்தோம். ஒரு மீட்டர் தொலைவில் நூல்களைச் சாய்வாக வரிசையிட்டு நடுநூலைக் குறிவைத்தோம். தெளிந்தது அதற்கு நான்கு விரற்கடை பின்னால் நின்ற நூல். வில்லை சுருளுக்கு மிக அருகில் நிற்பதன் அடையாளம் இது. 0.2 மி.மீ. பிழையே இவ்வளவு தூரம் தள்ளிவிடும்.

உடலின் வில்லைவாயைக் கழற்றி, உள்ளிருக்கும் மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைக்கலாம் என்றார் பழுதுபார்ப்பவர். நாம் ஒப்பவில்லை. கார்கிவில் ஒரு பிள்ளை கையால் அளந்து வைத்தவை அங்கே இன்னும் இருக்கக்கூடும். ஒருமுறை கலைத்தால் அந்த அளவு மீளாது. உடலைத் தொடாமல், வில்லையின் தோளுக்கும் உடலுக்கும் இடையே மயிரிழை கனத்தில் ஒரு பித்தளை வளையம் செய்யச் சொன்னோம். வளையத்தால் வில்லை முன்தள்ளியது. அதற்கேற்ப ரேஞ்ச்ஃபைண்டரின் முடிவிலியையும் திருத்த நேர்ந்தது. அவர் முணுமுணுத்தபடியே செய்து கொடுத்தார்.

அடுத்த சுருளில் நடுநூலின் முதுகெழுத்தைப் படிக்க முடிந்தது. வளையத்தைக் கழற்றினால் கேமிரா பழையபடி தன் துணைக்காகக் காத்திருக்கும். அந்த வில்லை எங்கே, எந்த உடலோடு, யாருடைய படங்களை மங்கச் செய்துகொண்டிருக்கிறதோ.