கொடையும் கூலியும்

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியின் நினைவே நமக்கு முதலில் எழும். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான அவனிடம் பரிசில் பெற்றோர் அவன் புகழைப் பாடிவைத்தனர். ஆயின், வரலாறு கொடையைக் குறித்துவைத்த அளவுக்குக் கூலியைக் குறித்துவைக்கவில்லை.

இன்று நாமக்கல் மாவட்டத்தில் அடங்கிய அம்மலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்று குண்டூர் நாடு. மலையாளிகள் எனப்படும் தமிழ் பேசும் பழங்குடியினர் வாழும் இம்மலையில் காப்பியும் மிளகும் மரவள்ளியும் விளைகின்றன. காப்பிப் பழம் பறிப்பவருக்கும் கிழங்கு பிடுங்குபவருக்கும் அன்றாடக் கூலியே அடுப்பெரிய வழி. பேரம் பேசும் வலிமையற்ற இத்தகையோருக்காகவே 1948இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. விவசாயமும் காப்பித் தோட்டமும் அதன் அட்டவணையில் இடம்பெற்றன.

கூலியை எதைக்கொண்டு அளப்பது? 1957இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு விடை கண்டது. ஒரு குடும்பத்துக்கு வேண்டிய உணவு, ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு ஆகியவற்றைக் கணக்கிட்டே கூலியை வகுக்கவேண்டும் என்றது. பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், திருமணம், முதுமை ஆகியவற்றுக்கும் அக்கூலியில் 25 விழுக்காடு இருத்தல் வேண்டுமெனச் சென்னை மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது.

"கொடுக்க முதலாளிக்கு இயலவேண்டாமா?" என்று கேட்போர் உண்டு. கேரள ஓட்டுத் தொழில் அதிபர்களின் வழக்கில், 1961இலேயே அந்நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்க மறுத்தது. தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டடப் பணியாளர் வழக்கிலோ, 1982இல், குறைந்தபட்சக் கூலிக்குக் குறைத்துக் கொடுத்து வாங்கும் வேலை அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்றது.

அளவுகோல் இருந்தும் குறை தீர்ந்ததா? ஐந்தாண்டுக்கு மிகாமல் ஒருமுறை கூலியை மறு ஆய்வு செய்யவேண்டும் என்றது பழைய சட்டம். 2025 நவம்பர் 21இல் அதன் இடத்துக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு எல்லாத் தொழில்களையும் தன்னுள் அடக்கியபோதும், அந்த ஐந்தாண்டு வரம்பையே வைத்திருக்கிறது. அரிசி விலையோ ஐந்தாண்டு காத்திருப்பதில்லை. உயர்த்தாமல் விட்ட கூலி, தொகை மாறாதிருப்பினும், அது வாங்கித்தரும் சோற்றில் குறைந்துகொண்டே போகிறது. பஞ்சப்படி இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும். அரசிதழில் ஏறிய தொகை மலையேறிவந்து உழைப்பவர் கையில் சேர்ந்தால்தான் அதுவும் பயன் தரும்.

ஓரியின் கொடை அவன் மனம் உவந்து அளித்தது. குண்டூர் நாட்டு உழைப்பாளி கேட்பதோ தாம் ஏற்கெனவே உழைத்துக் கொடுத்ததற்கு ஈடு. அதனை எவருடைய ஈகைக்கும் விட்டுவிடலாகாது என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது.