ஓங்கினால் 18 அங்குலம்

ஏற்காட்டில் என்னதான் குளிர் அடித்தாலும் ஏரி உறையாது. உறைந்தால் சேர்வராயன் மலையில் ஐஸ் ஹாக்கியே ஆடலாம்!

அதில் இரண்டு ஷாட்கள் பிரபலம். ஒன்று, ஸ்லாப் ஷாட். மட்டையை ஓங்கி, ‘பக்’ எனும் ரப்பர் வில்லைக்குச் சற்றுப் பின்னால் பனித்தரையில் அடிப்பார்கள். வில்லாக வளைந்த மட்டை நிமிரும்போது பக் பறக்கும். மற்றது, ரிஸ்ட் ஷாட். ஓங்குவதே இல்லை. மட்டையோடு ஒட்டி இழுத்துவந்து மணிக்கட்டால் சுண்டுவது.

நம்ம ஹாக்கியிலும் இதே கதைதான். பெனால்டி கார்னரில் முதல் ஷாட்டை ஓங்கி அடித்தால், பந்து 18 அங்குலத்துக்கு மேலே கோலுக்குள் போகக் கூடாது. இழுத்துச் சுண்டினால் அந்த வரம்பு கிடையாது. சட்டத்தில் இருந்த இந்தச் சந்தில் நுழைந்ததுதான் ‘டிராக் ஃபிளிக்’. ஐரோப்பியர்கள் அதில் முந்திக்கொண்டார்கள்.

நாம்? 1980 மாஸ்கோ ஒலிம்பிக் இறுதியில், சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஸ்பெயினை 4-3 என வென்று தங்கம். அப்புறம் 2021 டோக்கியோ வெண்கலம் வரை, 41 வருஷம் வெறுங்கை! பந்தை உருட்டி ஏமாற்றும் வித்தைக்குப் பஞ்சமில்லை. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தன்ராஜ் நான்கு ஒலிம்பிக்கில் ஓடினார். பதக்கம்தான் இல்லை. கார்னரைக் கோலாக்கும் கை போதாதது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

2024 பாரிஸில் வெண்கலத்துக்கான ஆட்டம். எதிரே அதே ஸ்பெயின். 2-1 என ஜெயித்தோம். இரண்டுமே ஹர்மன்பிரீத் சிங் கார்னரில் போட்ட கோல்கள்.

பாடம் படித்துவிட்டோம். கொஞ்சம் லேட்டாக!