மின்னணுச் சதுரங்கப் பலகையைக் கையடக்கக் கணினியுடன் இணைத்தல்

மின்னணுச் சதுரங்கப் பலகை என்பது தன்மீது வைக்கப்படும் காய்களின் இடத்தை உணர்ந்து கணினிக்குத் தெரிவிக்கும் பலகை ஆகும். இதனைக் கையடக்கக் கணினியுடன் இணைத்தால், சிறிய திரையைத் தொட்டு விளையாடுவதற்குப் பதிலாக, மரக்காய்களை நகர்த்தியே சதுரங்க மென்பொருளுடன் ஆடலாம். இவ்வமைப்பில் பலகை உணர்கருவி மட்டுமே. விதிகளைச் சரிபார்ப்பதும் எதிர்நகர்வைக் கணிப்பதும் கணினியின் பணியாகும்.

செயற்படும் முறை

எளிய பலகைகளில் ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் அழுத்தத்தாலோ காந்தத்தாலோ இயங்கும் நிலைமாற்றி இருக்கும். கட்டத்தில் காய் உள்ளதா என்பதை மட்டுமே இது அறியும். நெதர்லாந்தின் டி.ஜி.டி நிறுவனப் பலகைகளில் காய்களின் அடியில் மின்கலம் தேவைப்படாத ஒத்ததிர்வுச் சுற்று உள்ளது. 12 வகைக் காய்களுக்கும் வெவ்வேறு அதிர்வெண் உள்ளதால், எந்தக் காய் எனவும் அறியலாம்.

இந்நிறுவனத்தின் தொடர் இணைப்புப் பலகை, நொடிக்கு 9600 பிட்டு வேகத்தில் தரவை அனுப்புகிறது. முழுப் பலகையின் நிலை 67 பைட்டுகளில் அடங்கும். இதனை அனுப்ப ஏறத்தாழ 0.07 நொடி ஆகும். ஒரு கட்டத்தின் மாற்றத்திற்கு 5 பைட்டுகள் போதும்.

நகர்வை அறிதல்

பலகை அனுப்புவது கட்டங்களின் மாற்றத்தையே, நகர்வை அன்று. எடுத்துக்காட்டாக, கோட்டை கட்டும்போது ஆட்டக்காரர் யானையை முதலில் நகர்த்தினால், அதுவே முழு நகர்வு என மென்பொருள் தவறாகக் கொள்ளக்கூடும். விதிப்படி அரசனையே முதலில் நகர்த்த வேண்டும். காயை இழுத்துச் செல்லும்போது இடைக்கட்டங்களும் பதிவாகலாம். எனவே, நிலை மாறாமல் சிறிது நேரம் நிற்கும்வரை மென்பொருள் காத்திருக்க வேண்டும்.

இணைப்பு வகைகள்

* தொடர் இணைப்பு: பாம் போன்ற பழைய கருவிகளில் பயன்பட்டது. கருவியின் கம்பியும் பலகையும் மறுமுனையில் கணினியையே எதிர்பார்த்து அமைக்கப்பட்டவை. ஆகையால், அனுப்பும் கம்பியையும் பெறும் கம்பியையும் இடம் மாற்றும் இணைப்பி இடையில் தேவைப்பட்டது.
* யூ.எஸ்.பி: இதில் ஒரு கருவி தலைமைக் கருவியாக இயங்க வேண்டும். பழைய கையடக்கக் கணினிகள் பலவற்றில் அவ்வசதி இல்லை. ஆண்ட்ராய்டு இயங்குதளம் 2011 இல் வெளியான 3.1 பதிப்பில் இவ்வசதியைப் பெற்றது.
* புளூடூத்: கம்பி தேவையில்லை, பலகைக்குத் தனி மின்கலம் தேவை.

போட்டிகளும் நேர்மையும்

2009 இல் புவெனஸ் ஐரிசில் நடந்த மெர்கோசூர் கோப்பையில், கைப்பேசியில் இயங்கிய பாக்கெட் ஃபிரிட்ஸ் 4 மென்பொருள் 10 ஆட்டங்களில் 9.5 புள்ளிகள் பெற்றது. சட்டைப்பையில் அடங்கும் கருவியே வலிமைமிக்க ஆட்டக்காரர்களை வெல்லும் என்பதை இது காட்டியது. இக்காரணத்தால், பயிற்சிக்கு உதவும் இதே இணைப்பு போட்டியில் ஏமாற்றுவழியாகவும் மாறக்கூடும். போட்டி அரங்குகளில் பலகைகள் அமைப்பாளரின் கணினியுடன் மட்டும் இணைக்கப்பட்டு, ஆட்டங்களை ஒளிபரப்பப் பயன்படுகின்றன. நடுவரின் அனுமதியின்றி ஆட்டக்காரர் மின்னணுக் கருவி வைத்திருத்தல் கூடாது. 2022 இல் மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடிலும் மின்னணுப் பலகைகள் பயன்பட்டன.

நெறிமுறையின் முக்கியத்துவம்

கையடக்கக் கணினிகள் சில ஆண்டுகளில் வழக்கொழிகின்றன. மரப்பலகையோ நெடுநாள் உழைக்கும். தரவு நெறிமுறை வெளிப்படையாக இருந்தால், பழைய தொடர் இணைப்புப் பலகையையும் மாற்றி ஒன்றின் உதவியால் புதிய கருவியுடன் இணைத்து, அதற்குரிய மென்பொருளை எவரும் எழுதலாம். நெறிமுறை மறைக்கப்பட்டால், உற்பத்தியாளரின் மென்பொருள் நிற்கும் நாளில் பலகை வெறும் மரமாகிவிடும்.