மொடக்குறிச்சியின் ஆயிரவர்

1952, 1957 ஆகிய ஆண்டுகளின் பொதுத்தேர்தல்களில், அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு பெட்டி வைத்து, அதன்மேல் அவரவர் சின்னத்தை ஒட்டி, வாக்காளர் தமக்கு இஷ்டமான பெட்டியில் சீட்டை இட்டுச் செல்லும் வழக்கம் நம் தேசத்தில் இருந்தது. அம்முறை 1996 வரை நீடித்திருக்குமாயின், ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சித் தொகுதியின் ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும், அவ்வாண்டுச் சட்டசபைத் தேர்தலில் அங்கே போட்டியிட்ட அபேட்சகர் அத்தனை பேருக்குமாக 1,033 பெட்டிகளைச் சுமந்து செல்ல நேர்ந்திருக்கும். பள்ளிக்கூடத்து அறை அதற்கு எங்ஙனம் போதும்?

தங்கள் குறைகளைச் சர்க்கார் செவிமடுக்கவில்லை என்று மனம் கசந்த அத்தொகுதி விவசாயிகள், ஊர்வலமும் உண்ணாவிரதமும் விடுத்து, நூற்றுக்கணக்கில் சுயேச்சைகளாக மனுத் தாக்கல் செய்து சட்டத்தைக் கொண்டே சட்டத்தைத் திணறடித்த அந்தச் சாதுரியத்தை வியக்காமல் இருக்க இயலவில்லை. அப்போது சட்டசபைக்குப் போட்டியிட டெபாசிட் 250 ரூபாய்தான். வாக்குச்சீட்டோ ஒரு புஸ்தகமாகவே அச்சாயிற்று. வென்றவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். அபேட்சகர்களில் பலருக்கு ஒரு வாக்குக்கூட விழவில்லை. அதாவது, தம் பெயருக்குத் தாமே முத்திரையிடவும் அவர்கள் சிரத்தை கொள்ளவில்லை!

அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, டெபாசிட் 5,000 ரூபாயாக உயர்ந்தது. சுயேச்சைகளின் மனுவைப் பத்து வாக்காளர்கள் முன்மொழிய வேண்டுமென்ற விதியும் பிறந்தது.