கோட்டக்குப்பம் கரையில் கண்புரையும் மீண்ட பார்வையும்

முதுமையில் விழிவில்லை மங்கி ஒளியை மறைப்பதே கண்புரை. வயதுதான் முதல் காரணம். வெயிலின் புற ஊதாக் கதிரும் அதற்குத் துணைபோகிறது. மரக்காணம் உப்பளங்களிலிருந்து புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பம் மீனவர் பகுதிவரை, இந்தக் கரையின் உழைப்பெல்லாம் திறந்த வெயிலில் நடப்பது. வானத்து வெயில் போதாதென்று பாத்தி நீரும் வெள்ளை உப்பும் கடலும் ஒளியைத் திருப்பி முகத்தில் அடிக்கும்.

பழங்காலத்தில் ஊர் ஊராகச் சென்ற கண் வைத்தியர்கள் புரையை ஊசியால் விழிக்குள்ளேயே கீழே தள்ளிவிட்டார்கள். அப்போதே வெளிச்சம் தெரியும். பிறகு சீழ் பிடித்தோ கண்ணில் அழுத்தம் ஏறியோ பலருக்குப் பார்வை அடியோடு போனது. சென்னை கண் மருத்துவமனையின் தலைவராயிருந்த ராபர்ட் ஹென்றி எலியட் 1917இல் லண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளுக்கு இந்த முறையையே பொருளாக எடுத்துக்கொண்டார். புரையை வெளியே எடுக்கும் அறுவையை பிரான்சின் ஜாக் தாவியேல் 1747இல் தொடங்கிவைத்திருந்தார். சென்னையில் 1819இல் கண் மருத்துவமனை வந்தது. பிரெஞ்சு புதுச்சேரியில் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் பின்னாளில் ஜிப்மர் மருத்துவ நிறுவனமாக வளர்ந்தது.

புரையை எடுத்தால் பார்வை வரும். ஆனால் முதியவர் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ள அது போதவில்லை. அந்நாளில் அறுவைக்குப் பின் தலையை அசைக்காமல் நாள்கணக்கில் படுத்திருக்க வேண்டியிருந்தது. வாரங்கள் கழித்தே கண்ணாடி கிடைக்கும். அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடி எல்லாவற்றையும் கால்பங்குக்கும் மேல் பெரிதாக்கிக் காட்டியது. ஓரப் பார்வையில் ஒரு வளையமே மறைந்துவிடும். படி இறங்கக் கால் தயங்கும், குவளையில் ஊற்றினால் வெளியே சிந்தும். கண்ணாடி உடைந்தால் மறுபடியும் பிறர் கையைப் பிடித்துத்தான் நடக்க வேண்டும். அறுவை வெற்றி என்று எழுதப்பட்டவர்களில் எத்தனையோ பேர் திண்ணையை விட்டு இறங்காமலே இருந்ததற்கு இதுதான் காரணம்.

இந்த நிலையை மாற்றியது, 1949இல் லண்டனில் ஹரோல்டு ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் பொருத்திய செயற்கை வில்லை. அது தமிழ்நாட்டு ஏழைகளுக்கு எட்டப் பல பத்தாண்டுகள் ஆயின. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற கோ. வெங்கடசாமி, 58 வயதில், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் ஒரு கண் மருத்துவமனை தொடங்கினார். முடக்குவாதத்தில் கோணிய விரல்களாலேயே அறுவை செய்யப் பழகியவர் அவர். மீண்டெழுவது என்றால் என்னவென்று நோயாளிகள் அவர் கையைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடிந்தது. புதுச்சேரியில் வாழ்ந்த அரவிந்தரின் பெயரையே மருத்துவமனைக்கு வைத்தார். அதன் பகுதியாக 1992இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப் நிறுவனம் வில்லையை உள்நாட்டிலேயே செய்ததால், நூறு டாலர் அளவிலிருந்த விலை பத்து டாலருக்கும் கீழே வந்தது. 2003இல் புதுச்சேரியை அடுத்த தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை திறக்கப்பட்டது.

மருத்துவமனை வந்தாலும், துணைக்கு ஆள் இல்லை, வண்டிக்குப் பணம் இல்லை என்று கிழவிகள் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவது உண்டு. கண் முகாம்கள் அந்தத் தடையை உடைத்தன. முகாமில் புரை இருப்பது தெரிந்ததும் பேருந்திலேயே அழைத்துப்போய், அறுவை முடித்து, திரும்பக் கொண்டுவந்து விடும் வழக்கம் வந்தது. தையல் வேண்டாத சிறு வெட்டுமுறையில் கட்டு மறுநாளே பிரிகிறது. சில வாரம் சொட்டு மருந்து, தலைக்குக் குளிக்காமலும் கண்ணைக் கசக்காமலும் இருத்தல், ஒரு மாத அளவில் மறுபரிசோதனை: இவ்வளவோடு மீனின் விலை பேசவும், அரிசியில் கல் பொறுக்கவும், பேரப்பிள்ளையின் முகம் பார்க்கவும் பெரும்பாலோருக்கு முடிகிறது. கிட்டத்தில் படிக்க மட்டும் சாதாரணக் கண்ணாடி தேவைப்படும்.