சொந்த ட்ரக் வாங்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

புதிதாக வாங்கிய வாகனத்தை ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்விப்பது சிட்னித் தமிழரிடையே வழக்கமாகிவிட்டது. வாங்குவது ட்ரக் என்றால் பூசைக்கு முன் பார்க்க வேண்டிய கடதாசிகள் பல உண்டு.

ஒற்றை ட்ரெயிலர் இழுக்க எச்.சி. அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கு முன் எம்.ஆர். அல்லது எச்.ஆர். வகுப்பை ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும். பாவித்த ட்ரக் வாங்குபவர்கள் பி.பி.எஸ்.ஆர். எனும் பதிவேட்டில் தேடிப் பார்க்க வேண்டும். செலவு 2 டொலர்தான். பழைய உரிமையாளரின் கடன் தீராமலிருந்தால், கடன் கொடுத்தவர் உங்கள் முற்றத்தில் நிற்கும் வாகனத்தையே தூக்கிச் செல்லலாம்.

இனி ஜி.எஸ்.டி. வருடப் புரள்வு 75,000 டொலரை எட்டினால் பதிவு கட்டாயம். 165,000 டொலர் ட்ரக்கின் விலைக்குள் 15,000 டொலர் இந்த வரி. விற்பவரும் பதிவு செய்தவராக இருந்தால் மட்டுமே அதை மீளப் பெறலாம். சட்டல் மோர்ட்கேஜ் கடனில் வாங்கினால், தவணை முடியும்வரை காத்திராமல் அடுத்த பி.ஏ.எஸ். படிவத்திலேயே கோரலாம். அந்தப் பணம் கைக்கு வந்ததும் வீட்டுச் செலவில் கரைந்துவிடுவதுதான் வழமை. நீங்கள் அனுப்பும் 11,000 டொலர் பற்றுச்சீட்டிலும் 1,000 உங்களுடையதல்ல. அதைத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். 4.5 தொன்னுக்கு மேற்பட்ட வாகனமென்றால் எரிபொருள் வரிக் கழிவும் உண்டு, ஆனால் பொதுவீதியில் ஓடும்போது வீதிக் கட்டணம் அதிலிருந்து கழிக்கப்படும். விகிதம் அடிக்கடி மாறுவதால் டீசல் பற்றுச்சீட்டுகளைத் திகதியோடு வைத்திருங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று. 2023 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்ட நிரந்தர வதிவிட வழி, கோரிக்கை நிராகரிக்கப்பட்டு பிரிட்ஜிங் வீசாவில் உள்ளவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்குக் கடன் கொடுக்க நிறுவனங்கள் தயங்கும். உடனே "மச்சான், உன்ர பேரில எடுத்துத் தா" என்று தொடங்கிவிடுவார்கள். தவணையை நீங்கள் கட்டினாலும் சட்டப்படி ட்ரக் மச்சானுடையது. ஜி.எஸ்.டி. மீளளிப்பும் தேய்மானக் கழிவும் உங்கள் கணக்கில் வராது. அவர் வங்குரோத்தானால், விவாகரத்தானால், இறந்துபோனால், உங்கள் உழைப்பு அவருடைய சொத்துப் பட்டியலில் போய்ச் சேரும். நட்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதைச் செய்யாதீர்கள். காசு சேரும்வரை வேறொருவரின் ட்ரக்கைச் சம்பளத்துக்கு ஓட்டுவது மேல்.

பராமரிப்பில் பிறேக்கும் ரயரும் முதலிடம். ஹெலன்ஸ்பர்க்கைத் தாண்டி வுலொங்கொங் இறங்கும் மவுண்ட் அவுஸ்லிச் சரிவில், பாரத்தோடு வரும் ட்ரக் தாழ்ந்த கியரில், எஞ்சின் பிறேக்கில்தான் இறங்க வேண்டும். கால் பிறேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். சேர்விஸ் செலவுக்கு ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் இவ்வளவு சதம் என்று வாராவாரம் ஒதுக்குங்கள். ட்ரக் கராஜில் நிற்கும் வாரத்திலும் தவணை வரும்.

தவணைக்காக நித்திரை முழிச்சு ஓடலாம் என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு. 12 தொன்னுக்கு மேற்பட்ட ட்ரக்கில், சாதாரண விதிப்படி, 24 மணிநேரத்தில் 12 மணிநேரமே வேலை செய்யலாம். தொடர்ச்சியாக 7 மணிநேர ஓய்வு வேண்டும். தளத்திலிருந்து 100 கிலோமீற்றருக்கு அப்பால் போனால் வேலைக் குறிப்பேடு எழுதியே ஆக வேண்டும். மாத வருமானத்தை அந்த மணிநேரங்களை வைத்தே கணக்கிட்டு, அதற்குப் பிறகு தவணைத் தொகையைப் பாருங்கள்.