கார் எஞ்சினின் இயல்பு வெப்பநிலையும் தெர்மோஸ்டாட்டும்: ஒரு வரலாறு

ஒரு கார் எஞ்சின் சூடேறி நிலைபெற்ற பிறகு, அதைச் சுற்றி ஓடும் குளிர்விப்பு நீர் எந்த வெப்பத்தில் நிற்கிறதோ அது அந்த எஞ்சினின் இயல்பு வெப்பநிலை எனப்படுகிறது. இன்றைய பெரும்பாலான கார்களில் இது ஏறத்தாழ 85 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 1950களின் கார்களில் 70 முதல் 85 டிகிரி வரை இருப்பதே வழக்கமாக இருந்தது. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் உள்ள தெர்மோஸ்டாட் என்னும் சிறு வால்வு இந்த அளவு குறையாமல் பார்த்துக்கொள்கிறது.

இயல்பு வெப்பநிலை என்பது மனித உடலின் வெப்பநிலையைப் போல இயற்கையில் அமைந்த ஒன்றல்ல. நீரின் கொதிநிலை, குளிர்காலத்தில் நீருடன் சேர்க்கப்பட்ட பொருள், பெட்ரோலின் தரம், சிலிண்டரின் தேய்மானம், புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆகியவை ஒவ்வொரு காலத்திலும் அதை மாற்றி அமைத்தன. எஞ்சின் கொதிப்பது எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. எஞ்சின் தேவையான சூட்டை அடையாமல் ஓடுவதும் கேடு என்பது பல பத்தாண்டுகளுக்குப் பிறகே தெளிவாயிற்று.

நீர் கொதித்த காலம்

கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் தெர்மோஸ்டாட் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. சிலிண்டரைச் சுற்றியிருந்த நீர் கொதித்து ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் சென்றது. கொதிக்கும் நீர் 100 டிகிரிக்கு மேல் செல்லாது என்பதால் எஞ்சின் வெப்பநிலை தானாகவே ஓர் எல்லையில் நின்றது. ஆவியான நீரை மீண்டும் மீண்டும் ஊற்ற வேண்டியிருந்தது மட்டுமே குறை. 1888இல் பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் இந்த வண்டியில் பயணம் செய்தபோது, வழியெங்கும் நீர் தேடி நிரப்ப வேண்டியிருந்தது.

எஞ்சின்களின் ஆற்றல் கூடியதும் நீரை இழக்காமல் குளிர்விக்கும் வழி தேவைப்பட்டது. வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்து 1900ஆம் ஆண்டின் இறுதியில் உருவான 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காரின் தேன்கூடு ரேடியேட்டரில் 6 மில்லிமீட்டர் அகலமுள்ள 8,070 சிறு சதுரக் குழாய்கள் இருந்தன. அக்குழாய்களுக்குள் காற்றும் அவற்றைச் சுற்றி நீரும் சென்றன. இதனால் தேவைப்பட்ட நீரின் அளவு 9 லிட்டராகக் குறைந்தது. இன்றைய ரேடியேட்டர்களின் அடிப்படைக் கருத்து இங்கிருந்து வந்தது.

1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு மாடல் டி காரில், தொடக்கத்தில் வந்த சில ஆயிரம் வண்டிகளுக்குப் பிறகு வாட்டர் பம்ப் கைவிடப்பட்டது. சூடான நீர் மேலெழுந்து ரேடியேட்டருக்குச் செல்ல, குளிர்ந்த நீர் கீழிறங்கி எஞ்சினுக்கு வந்தது. இம்முறையில் நீர் எஞ்சினின் சூட்டுக்கு ஏற்பத் தானே மெதுவாகவோ வேகமாகவோ ஓடியது. குளிர்காலத்தில் எஞ்சின் சூடேறத் தாமதித்தால் ஓட்டுநர்கள் ரேடியேட்டரின் முன்புறத்தை அட்டையாலோ போர்வையாலோ மூடினர். அக்காலத்தில் தெர்மோஸ்டாட்டின் வேலையைச் செய்தது இந்த அட்டைதான்.

பம்பும் தெர்மோஸ்டாட்டும்

பெரிய எஞ்சின்களுக்கு வாட்டர் பம்ப் தவிர்க்க முடியாததாயிற்று. ஆனால் பம்ப், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும் நீரை ரேடியேட்டருக்குத் தள்ளியது. இதனால் எஞ்சின் சூடேற நீண்ட நேரம் ஆனது. அதே காலத்தில் கார்களின் எண்ணிக்கை பெருகிப் பெட்ரோலின் தேவை உயர்ந்ததால், எளிதில் ஆவியாகாத கனமான எரிபொருளும் விற்பனைக்கு வந்தது. குளிர்ந்த எஞ்சினில் அது முழுமையாக ஆவியாகாமல், சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்தது.

இதற்குத் தீர்வாக, நீர் தேவையான சூட்டை அடையும்வரை ரேடியேட்டருக்கான வழியை மூடி வைக்கும் வால்வு வந்தது. 1914இல் அமெரிக்காவின் கெடிலாக் நிறுவனம் அறிமுகப்படுத்திய வி-8 எஞ்சினின் தெர்மோஸ்டாட் கட்டுப்பாடு இதன் தொடக்ககால எடுத்துக்காட்டு. வெப்பநிலையை ஓட்டுநர் அறியும் வழியும் அப்போதுதான் பரவியது. ரேடியேட்டர் மூடியின் மேல் பொருத்தப்பட்ட பாய்ஸ் மோட்டோமீட்டர் என்னும் வெப்பமானியை இருக்கையில் அமர்ந்தபடியே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். ஆனால் அது அளந்தது நீருக்கு மேலிருந்த ஆவியின் வெப்பத்தை. நீர்மட்டம் மிகவும் குறைந்துவிட்டால் அதன் காட்டலை நம்ப முடியாது.

உறையாத நீரும் உயர்ந்த எல்லையும்

குளிர்நாடுகளில் நீர் உறைந்து எஞ்சினைப் பிளக்காமலிருக்க மெத்தனால் போன்ற ஆல்கஹால்களை நீருடன் கலந்தனர். மெத்தனால் 65 டிகிரியிலும் எத்தனால் 78 டிகிரியிலும் கொதிப்பவை. ஆகவே எஞ்சின் அதிகம் சூடானால் நீருக்கு முன்பே ஆல்கஹால் ஆவியாகிப் போய்விடும். இதனால் அத்தகைய வண்டிகளுக்கு ஏறத்தாழ 70 டிகிரியிலோ அதற்குக் கீழோ திறக்கும் தெர்மோஸ்டாட்டே பொருத்தமாக இருந்தது.

1927இல் எத்திலீன் கிளைக்கால் அடங்கிய பிரெஸ்டோன் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. இது நீரைவிட உயர்ந்த வெப்பத்தில் கொதிப்பது. எளிதில் ஆவியாகி மறையாது. நீரும் கிளைக்காலும் சம அளவில் கலந்தால் உறைநிலை சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 37 டிகிரி வரை இறங்கும். கொதிநிலை ஏறத்தாழ 107 டிகிரியாக உயரும். இதனுடன், இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி பரவியது. மூடிய அமைப்பில் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் ஒரு பார் அழுத்தம் கூடினால், வெறும் நீரே 120 டிகிரியில்தான் கொதிக்கும்.

மலைப் பாதைகளில் இதன் பயன் தெளிவாகத் தெரியும். கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்த மூடி இல்லாத பழைய வண்டிக்கு மலையேறும்போது எஞ்சின் சுமை கூடுகிறது, கொதிநிலையோ குறைகிறது. இயல்பு வெப்பநிலைக்கும் கொதிநிலைக்கும் இடையிலான இடைவெளி சுருங்குவதால்தான் அத்தகைய வண்டிகள் கொண்டை ஊசி வளைவுகளில் நிறுத்தி ஆறவைக்கப்பட்டன.

குளிர்ந்த எஞ்சினே தேய்கிறது

அதிகச் சூடே எஞ்சினைத் தேய்க்கிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1930களில் பிரிட்டனின் மோட்டார் பொறியாளர் கழகத்தின் ஆய்வுப் பிரிவில் சி. ஜி. வில்லியம்ஸ் நடத்திய சோதனைகள் இந்த நம்பிக்கையை மாற்றின. சிலிண்டர் சுவர் குளிர்ந்திருக்கும்போது தேய்மானம் வெகுவாகக் கூடுவதை அவை காட்டின.

காரணம் வேதியியல் சார்ந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. சூடான எஞ்சினில் அது ஆவியாகவே புகைக்குழாய் வழியே வெளியேறும். குளிர்ந்த சிலிண்டர் சுவரிலோ அது துளிகளாகப் படியும். எரிந்த வாயுவில் உள்ள அமிலப் பொருள்கள் அத்துளிகளில் கரைந்து உலோகத்தை அரிக்கின்றன. பிஸ்டன் வளையம் அந்த அரிப்பைச் சுரண்டி எடுக்கிறது. ஆகவே தெர்மோஸ்டாட் வெறும் வசதிக்கான பாகம் அல்ல, எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிக்கும் பாகம் என்பது உறுதியாயிற்று.

மெழுகு வால்வின் வருகை

முதற்கால தெர்மோஸ்டாட்டுகளில் மடிப்பு மடிப்பான மெல்லிய பித்தளை அல்லது செம்புக் குப்பியும் அதனுள் எளிதில் ஆவியாகும் திரவமும் இருந்தன. சூடேறும்போது குப்பி நீண்டு வால்வைத் திறக்கும். குப்பி ஓட்டையானால் உள்ளிருந்த வெற்றிடம் போய், அது தன் இயல்பான நீளத்துக்கு விரியும். வால்வு திறந்தே நிற்கும். பழுதானாலும் வண்டி கொதிக்காது, குளிர்ந்து ஓடும். ஆனால் அழுத்த மூடி வந்தபின் அமைப்பின் அழுத்தம் குப்பியை நசுக்கியதால் வால்வு திறக்கும் வெப்பநிலை மாறத் தொடங்கியது.

அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே 1930களில் உருவாக்கிய மெழுகு தெர்மோஸ்டாட் இக்குறையைத் தீர்த்தது. இதில் கனமான உலோகக் கிண்ணத்துக்குள் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். குறித்த வெப்பத்தில் மெழுகு உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ள, வால்வு திறக்கும். ஆறும்போது சுருள்வில் அதை மூடும். அமைப்பின் அழுத்தம் இதை அதிகம் பாதிப்பதில்லை. இன்றைய கார்களிலும் இவ்வகையே பயன்படுகிறது. ஆனால் மெழுகு கசிந்துவிட்டால் சுருள்வில் வால்வை மூடியே வைக்கும். எஞ்சின் சில நிமிடங்களில் கொதிக்கும். ரப்பர் தேய்ந்தாலோ, துருத் துணுக்கு இடையில் சிக்கினாலோ, சுருள்வில் தளர்ந்தாலோ வால்வு திறந்தே நிற்கும், எஞ்சின் சூடேறாது.

கழற்றி எறியப்பட்ட வால்வு

மூடியபடி சிக்கிய தெர்மோஸ்டாட், வெப்பநாடுகளில் ஒரு பழக்கத்தை உண்டாக்கியது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஓடிய அம்பாசிடர், மோரிஸ் மைனர் போன்ற கார்களில் பெரும்பாலும் வெறும் நீரே ஊற்றப்பட்டது. கடினநீரின் உப்பும் எஞ்சினின் துருவும் சேர்ந்து ரேடியேட்டரை அடைத்தன. வண்டி கொதித்தால் மெக்கானிக் வால்வைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியை அனுப்பினார். அப்போதைக்குச் சிக்கல் தீர்ந்தது. வெயில் மிகுந்த ஊருக்கு இந்த வால்வு தேவையில்லை என்ற எண்ணம் அப்படியே நிலைத்தது.

இந்த எண்ணத்தில் ஒரு பிழை உண்டு. தெர்மோஸ்டாட் காப்பது வெப்பநிலையின் கீழெல்லையை. மேலெல்லையைக் காப்பவை ரேடியேட்டரும் விசிறியும். நல்ல தெர்மோஸ்டாட் முழுதும் திறந்த பிறகும் வண்டி கொதித்தால் குறை வேறிடத்தில் உள்ளது. வால்வைக் கழற்றுவது அடைபட்ட ரேடியேட்டரைச் சரிசெய்வதில்லை, அதன் அடைப்பை மறைக்கிறது. சில எஞ்சின்களில் வால்வு இல்லாதபோது நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குச் செல்லாமல் குறுக்குவழியில் எஞ்சினுக்கே திரும்புவதால் சூடு கூடவும் செய்யும். மோரிஸ் மைனரின் ஏ-வரிசை எஞ்சினுக்கு, தெர்மோஸ்டாட் கழற்றப்பட்ட இடத்தில் பொருத்துவதற்கென்றே ஓர் உலோக வளையம் இருந்தது. குறுக்குவழியை அடைத்து நீரைச் சரியான பாதையில் அனுப்புவது அதன் வேலை.

வால்வு இல்லாத வண்டியின் பாதிப்பு உடனே தெரிவதில்லை. நகர நெரிசலில் முள் ஏறி நிற்கும். நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும்போது இறங்கிவிடும். பெட்ரோல் செலவு கூடும். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற வெளிறிய படிவு சேரும். ஆண்டுகள் சில கழிந்து எஞ்சின் ஆயில் குடிக்கத் தொடங்கும்போது, எப்போதோ கழற்றிய வால்வை யாரும் நினைப்பதில்லை.

சட்டமும் கணினியும்

1960களுக்குப் பிறகு அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாடு இறுகியது. சூடான எஞ்சினில் எரியாத எரிபொருள் குறைவாக வெளியேறும் என்பதால், 82 டிகிரியில் திறந்த தெர்மோஸ்டாட்டுகளுக்குப் பதிலாக ஏறத்தாழ 90 டிகிரியில் திறப்பவை வழக்கமாயின. எரிபொருள் செலுத்தும் வேலையைக் கணினி ஏற்ற பிறகு வால்வின் முக்கியத்துவம் இன்னும் கூடியது. கூலண்ட் குளிர்ந்திருந்தால், எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று கணினி கொண்டு கூடுதல் பெட்ரோலைச் செலுத்தும். பி0128 என்னும் பழுதுக் குறியீடு, கூலண்ட் உரிய வெப்பத்தை எட்டவில்லை என்பதைக் குறிக்கிறது. திறந்தே நிற்கும் தெர்மோஸ்டாட் அதன் முதன்மைக் காரணம்.

1990களில் பி.எம்.டபிள்யூ போன்ற நிறுவனங்கள் மெழுகுக்குள் மின்சூடேற்றியை வைத்தன. இதனால் சுமை குறைவாக உள்ளபோது எஞ்சினை 100 டிகிரிக்கு மேலும், சுமை கூடும்போது அதைவிடக் குளிராகவும் ஓட்ட முடிந்தது. இயல்பு வெப்பநிலை ஒரே எண்ணாக இருந்த காலம் அத்துடன் முடிந்தது.

பழைய காரில் தெர்மோஸ்டாட்டின் நிலை அறிதல்

பல கார்களில் வெப்பநிலை முள், ஓட்டுநர் பதறாமலிருக்க, அகன்ற வெப்ப எல்லைக்குள் நடுவிலேயே நிற்குமாறு அமைக்கப்பட்டுள்ளது. ஆகவே முள்ளை மட்டும் நம்ப முடியாது. குளிர்ந்த எஞ்சினைத் தொடங்கியதும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் முதல் சில நிமிடங்கள் குளிர்ந்திருந்து, பிறகு விரைவாகச் சூடேற வேண்டும். தொடக்கம் முதலே மெல்ல வெதுவெதுப்பானால் வால்வு திறந்தே உள்ளது எனலாம். எஞ்சின் நன்கு சூடேறி முள் உயர்ந்த பின்னும் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் வால்வு மூடிச் சிக்கியிருக்கலாம். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. அழுத்தம் நீங்கியதும் கூலண்ட் கொதித்துச் சீறும்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க ஒரு பாத்திர நீரும் வெப்பமானியும் போதும். வால்வைப் பாத்திரத்தின் அடியில் படாமல் நீரில் தொங்கவிட்டு மெல்லச் சூடேற்ற வேண்டும். அதன் மேல் பொறித்துள்ள எண்ணை ஒட்டி அது திறக்கத் தொடங்க வேண்டும். அதற்கு மேல் 10 முதல் 15 டிகிரிக்குள் முழுதும் திறக்க வேண்டும். ஆறியதும் இடைவெளியின்றி மூட வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் புதிய வால்வே தீர்வு. அதில் பொறித்துள்ள எண் அந்தக் காரின் தயாரிப்பாளர் குறித்த எண்ணாகவே இருக்க வேண்டும்.